அந்தப் பச்சைத் தொப்பிதான் இனி எங்கள் மனேஜர், அம்மா

கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டே ஒரு அணி முழுவதையும் ஓட வைத்த என் அம்மாவுக்கு,

முதலில் இருங்கள். கையில் தேத்தண்ணி இருந்தால் கீழே வையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தேத்தண்ணி உண்டோ எனக்குத் தெரியாது. இருந்தால் அது உங்களுக்குச் சாயம் காணாது என்று மட்டும் தெரியும்.

எங்கள் அணிக்குப் புது மனேஜர் வந்துவிட்டார். ஆர் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். டெரெக். ஓம் அம்மா, அவரேதான். வேறு டெரெக் இல்லை.

இந்தக் கடிதம் எங்கள் சங்கத்து மலரில் வருகிறது. லண்டனில் தோர்ண்டன் ஹீத் கடைகளிலும், விம்பிள்டன் கோயிலடியிலும், வால்தம்ஸ்டோவிலும் அதை எடுத்து வாசிப்பார்கள். அவர்களில் பலருக்கு பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாது, டெரெக் என்றால் ஆரென்றும் தெரியாது. அதனால் கதையைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். நடுவில் "உது தெரிஞ்ச கதைதானே" என்று நீங்கள் குறுக்கிடக் கூடாது.

வாசிப்பவர்களே, என் அம்மாவின் பெயர் பவானி. முதியோர் இல்லமொன்றில் இரவு ஷிப்ட் வேலை. ஒரு ஞாயிறு காலை வேலை முடிந்து பூங்காவைக் குறுக்கறுத்து பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தபோது, அங்கே சில பேர் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு தடியால் பந்தடிப்பதைக் கண்டார். அடித்தவன் நாலு மூலையையும் சுற்றி ஓடி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு புள்ளி. அம்மா நின்றுவிட்டார். எங்கள் ஊர் எல்லேயும் இப்படித் தடியால் பந்தடித்து ஓடுவதுதான். யாழ்ப்பாணத்தில் பள்ளி எல்லே அணியில் ஓடிய கால் அல்லவா?

அம்மா, அன்று வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "துஷி, அங்க பார்க்குக்குள்ள வெள்ளைக்காரர் எல்லே விளையாடுறாங்கள். தடியைக் கட்டையாக்கிப் போட்டு, பெரிய பவுசா ஒரு தொப்பியும் போட்டிருக்கிறாங்கள். ஆனா ஓடத் தெரியேல்லை. ஒருத்தன் பாதி வழியில நிண்டு யோசிக்கிறான். நான் 'ஓடு' எண்டு ஒரு கத்துக் கத்தினன். பயத்தில ஓடிட்டான். புள்ளி!"

அந்தப் பயந்தவன்தான் லியம். அடுத்த ஞாயிறு அவன் உங்களைத் தேடினான். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் மடக்குக் கதிரை ஒன்று வாங்கிவிட்டீர்கள், நீலக் கதிரை, கைப்பிடியில் கோப்பை வைக்க ஒரு பையோடு. பக்கத்தில் புல்லில் நான், பாடப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு.

பேஸ்போலில் ஓடுகிறவனுக்குப் பந்து முதுகுக்குப் பின்னால். அவன் மூலையைத் தொடுமுன் பந்து அங்கே வந்துவிட்டால் ஆட்டமிழப்பு. யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று மூன்றாம் மூலையில் ஒரு ஆள் நின்று கையைக் காட்டுவார். ஆனால் லியமின் ஹெரன்ஸ் அணி, அதாவது எங்கள் அணி, அந்தக் கையைப் பார்ப்பதை விட்டு, உங்கள் வாயைக் கேட்கத் தொடங்கியது. "ஓடு" என்றால் ஓடுவார்கள், "நில்லு" என்றால் நிற்பார்கள். தமிழில் வேறு ஒரு சொல் தெரியாத அத்தனை பேருக்கும் இந்த இரண்டும் தெரியும். எதிரணிக்கு விளங்காது. அதுதான் எங்கள் கெட்டித்தனம்.

உங்களைப் பார்த்துக் குகன் அண்ணை வந்தார், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு. புஷ்பா அக்கா பொரித்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு வந்தா. ஓய்வுபெற்ற தபால்காரர் கெவின், நாயோடு உலாவ வந்தவர், ரோல்ஸுக்காக நின்று பிறகு பேஸ்போலுக்காகவும் நின்றுவிட்டார். உங்களை "மிஸஸ் பி" என்பார். தமிழர் கூட்டம் ஒன்று பேஸ்போலுக்கு ரசிகர் ஆனது இப்படித்தான்.

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட நீங்கள் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். பெயரைக் கூப்பிட்டார்கள், மேடைப் படியில் என் கால் கொஞ்சம் தயங்கியது. அந்தப் பெரிய மண்டபத்தின் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஓடு பிள்ளை ஓடு!" பட்டம் கொடுத்தவரே சிரித்துவிட்டார். நான் உண்மையாகவே ஓடினேன் அம்மா.

இனி டெரெக்.

அவர் வடக்குப் பக்கத்து அணியொன்றின் மனேஜராக இருந்தார். பச்சைத் தொப்பி அணி. பேஸ்போலில் மனேஜர் என்றால் பயிற்சி கொடுப்பதும், ஆரை இறக்குவது ஆரை இருத்துவது என்று முடிவெடுப்பதும் அவர்தான். போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடையில் அரையிறுதி எங்களுக்கும் அவர்களுக்கும். கடைசிக் கட்டம். எங்களுக்கு ஒரேயொரு புள்ளி வேண்டும். லியம் மூன்றாம் மூலையைச் சுற்றி வருகிறான், பந்து இன்னும் தூரத்தில். நீங்கள் கதிரையை விட்டு எழும்பி "ஓடு பிள்ளை ஓடு" என்று கத்துகிறீர்கள்.

அப்போது அந்த மூலையிலிருந்து ஒரு ஆண் குரல், கணீரென்று: "நில்லு!"

லியம் பிரேக் பிடித்த பஸ் மாதிரி நின்றான். திரும்பிப் பார்த்தான். பந்து வந்தது. ஆட்டம் முடிந்தது.

கத்தினவன் பச்சைத் தொப்பிப் பெடியன். சொல்லிக் கொடுத்தவர் டெரெக். நீங்கள் கயிற்றைத் தாண்டி நடுவரிடம் போனீர்கள். "இவன் என்ர சொல்லைக் களவெடுத்திட்டான்! துஷி, சொல்லு அவருக்கு!" நான் சொன்னேன், எனக்கே கேட்காத குரலில். "எந்தச் சொல்?" என்றார் நடுவர். "நில்லு" என்றேன். "அதற்கு என்ன பொருள்?" "நில் என்று பொருள்." "அவன் நின்றுவிட்டானே. அப்புறம் என்ன பிரச்சினை?"

டெரெக் தூரத்தில் நின்று உங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். மரியாதையா நக்கலா என்று பஸ்ஸில் நாங்கள் சண்டை பிடித்தோம். நீங்கள் நக்கல் என்றீர்கள். "கள்ளன். பச்சைக் கள்ளன். தொப்பியைப் பாத்தாலே தெரியேல்லையோ?" பஸ் இரண்டு தரிப்பு தாண்டிய பிறகு, யன்னலைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஒன்று சொன்னீர்கள். "ஆனா பிள்ளை, அந்தப் பெடியன் 'ல்'லை எப்பிடி அழுத்தினான் பாத்தியோ? எங்கட லண்டன் பிள்ளையளுக்கே அது வராது."

நீங்கள் பார்த்த கடைசி ஆட்டம் அது. அந்த மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு வெற்றியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் என்ன? எத்தனையோ ஆட்டம் இருக்க, அந்தக் களவுதானா கடைசியாக இருக்க வேண்டும்? எனக்கு இது ஆறவேயில்லை.

போன வருடம் நாங்கள் அநேகமாக எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பழைய மனேஜர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டார். கழகக் குழு கூடிப் பேசி, இந்த வசந்தத்தில் அறிவித்தது: "அனுபவம் மிக்க டெரெக் அவர்களை வரவேற்பதில் மகிழ்ச்சி."

மகிழ்ச்சியாம்.

நீங்கள் தொடங்கிய வட்சப் குழு இன்னும் இருக்கிறது, அதே பெயர்தான்: ஓடு பிள்ளை. அன்று அது வெடித்தது. குகன் அண்ணை குரல் செய்தி போட்டார். முதல் பாதியில் மூச்சு மட்டும்தான் கேட்டது. "கோழிக் கூட்டுக்கு நரியைக் காவல் வைச்ச மாதிரி இருக்கு. நான் கேக்கிறன், இந்த லண்டனில வேற மனிசரே இல்லையோ?" கெவின் ஆங்கிலத்தில் எழுதினார்: "இது ஏப்ரல் பகிடியா?" புஷ்பா அக்கா அழுகிற முகங்களாகப் போட்டுத் தள்ளினா.

அப்பாவிடம் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், அவர் ஒரு நாளும் பார்க்குக்கு வந்தவரில்லை, பந்து எந்த நிறமென்றும் தெரியாது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "ஆர், அந்த நில்லுக்காரனோ?" என்றார். பிறகு வெகுநேரம் சத்தத்தைக் கூட்டவேயில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டெரெக் வந்த கையோடு ரசிகர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஓடுகிறவர்களுக்கு இனி வெளியிலிருந்து ஆரும் கட்டளை கொடுக்கக் கூடாதாம். "ஓடு", "நில்லு" இரண்டும் தடை. ஆங்கில எழுத்தில் அந்த இரண்டு சொல்லையும் அவரே எழுதியிருந்தார். ஒருவர் உங்கள் வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போய், பிறகு உங்கள் வீட்டுக்கே குடி வந்து, அந்தச் சாமானைத் தொடக் கூடாது என்றால் எப்படி இருக்கும்?

குகன் அண்ணையின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூடினோம். நான் வழக்கம்போல் ஒரு மூட்டையோடு மூட்டையாக.

"பவானி அக்கா இருந்தா இதை விட்டிருப்பாவோ?" என்று தொடங்கினார் குகன் அண்ணை. "அந்தக் கமிட்டிக்காரரை உரிச்சுத் தொங்க விட்டிருப்பா. நாங்களும் விடக் கூடாது. முதல் ஆட்டத்துக்கு எல்லாரும் போறம். கதிரையளைத் திருப்பிப் போட்டிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறம். ஒரு சத்தம் வரக் கூடாது."

"உமக்கென்ன விசரோ?" என்றா புஷ்பா அக்கா. "அக்கா எண்டால் டீமுக்கு முதுகு காட்டமாட்டா. மழையுக்க குடையையும் எங்களிட்டத் தந்திட்டு நிண்டவ."

"டீமுக்கில்லை, அவனுக்கு."

"அவன் நிக்கிற பக்கம்தானே டீமும் நிக்குது. முதுகில என்ன பேரே எழுதிக் காட்டப் போறீர்?"

கெவின் கையை உயர்த்தினார், பள்ளிப் பிள்ளை மாதிரி. மிஸஸ் பி ஒருமுறை தன்னிடம் மன்னிப்பைப் பற்றி ஏதோ சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னா என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை, தமிழில் சொன்னாவாம்.

இப்படியே போனது அம்மா. அக்கா இப்படிச் சொல்லியிருப்பா, அக்கா அப்படிச் செய்திருப்பா. எல்லாருடைய வாயிலும் நீங்கள். ஒவ்வொருவருக்கும் உங்கள் மனது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் குகன் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"துஷி, அம்மாவின்ர நீலக் கதிரை வீட்டிலதானே? அதை நடுவில வைப்பம், முதுகு காட்டி. பேப்பர்க்காரன் வந்தாலும் வருவான். நீ கொண்டு வா. அம்மாவும் அதைத்தான் விரும்புவா, என்ன?"

எனக்குத் தெரியாது என்றேன். பொலித்தீன் பையில் வெங்காயம் அள்ளுகிற சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு எல்லார் மேலும் கோபம். டெரெக் மேல், கமிட்டி மேல், குகன் அண்ணை மேல். உங்கள் மேலும்தான். ஏன் ஒன்றும் சொல்லாமல் போனீர்கள்? சீனியை எந்தப் போத்தலில் போடுவதென்றுகூடச் சொல்லிவிட்டுப் போனீர்களே, இதைப் பற்றி ஒரு சொல் சொல்லக் கூடாதா? அவர் எங்கள் பக்கம் வந்தால் என்ன செய்வதென்று?

முதல் ஆட்டத்தன்று கதிரையைக் கொண்டு போனேன். நான் போகும்போதே எல்லாரும் முதுகைத் திருப்பி வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு வேலியும் ஒரு குப்பைத் தொட்டியும். நடுவில் எனக்கு, அதாவது உங்களுக்கு, இடம் விட்டிருந்தார்கள். எனக்கு உங்களைக் குப்பைத் தொட்டியைப் பார்க்க இருத்த மனம் வரவில்லை. மைதானத்தைப் பார்க்க இருத்தவும் துணிவில்லை. கதிரையை விரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு புல்லில் ஒரு பக்கமாக இருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. நீங்கள் பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர்கள். குகன் அண்ணை மெல்லப் போனை எடுத்து, செல்ஃபி எடுப்பது போலத் தூக்கிப் பிடித்தார். திரைக்குள் அவருடைய தோளுக்கு மேலால் மைதானம் தெரிந்தது. சற்று நேரத்தில் வரிசை முழுக்கப் போன்கள் எழும்பிவிட்டன.

"சீ, அடிச்சுப்போட்டு மாறி வலப்பக்கம் ஓடுறான்," என்றார் ஒருவர்.

"செல்ஃபியில இடம் வலமாத்தான் தெரியும், மோட்டு மனிசா," என்றா புஷ்பா அக்கா.

"சத்தம் போடாதேங்கோ, நாங்கள் எதிர்ப்புக் காட்டிறம்," என்றார் குகன் அண்ணை.

பிறகு அது நடந்தது. எங்களுக்கு ஒரு புள்ளி குறைவு. லியம் இரண்டாம் மூலையிலிருந்து புறப்பட்டான். எதிரணிக்காரன் பந்தைத் தவற விட்டுவிட்டுப் புல்லுக்குள் தடவிக்கொண்டிருந்தான். லியமுக்கு அது தெரியாது, முதுகு. எனக்குத் தெரிந்தது. ஓடினால் புள்ளி, நிச்சயம் புள்ளி. "ஓடு" என்று கத்த வாயைத் திறந்தேன். மடியிலிருந்த கதிரையை இறுக்கிக்கொண்டு மூடிவிட்டேன்.

கெவினுக்குப் பொறுக்கவில்லை. எழும்பித் திரும்பி, கிழட்டுக் குரல் பிளக்கக் கத்தினார்: "ஓடு! ஓடு, லியம்!"

லியம் நின்றான். ஓம் அம்மா, "ஓடு" என்று கேட்டு நின்றான். மூன்றாம் மூலையில் டெரெக் கையைச் சுழற்றி ஓடச் சொல்கிறார். லியமோ கயிற்றுப் பக்கம் பார்க்கிறான். அந்தச் சொல் கேட்டால் கணக்கில் எடுக்காதே என்று டெரெக் வந்த நாளிலிருந்து பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே? கணக்கில் எடுக்காமல் விடுவதா, நேர்மாறாகச் செய்வதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பந்து வந்துவிட்டது.

தோற்றோம்.

என்னுடைய கால் எப்போது எழும்பியதென்று எனக்குத் தெரியாது. கதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டிப் போய் டெரெக் முன்னால் நின்றேன். கிட்டப் பார்த்தால் வயதானவர். எங்கள் நிறத் தொப்பி அவருக்குக் கொஞ்சம் பெரிது.

"நீங்கள் எங்கள் சொல்லைத் திருடினீர்கள்," என்றேன் ஆங்கிலத்தில். "இப்போது அதைத் தடை செய்கிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கதிரையைப் பார்த்தார். "அந்த அம்மா எங்கே? இன்றைக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். அவரிடம் பேச வேண்டும்."

ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவு கோபப்பட்ட நாங்கள், அவ்வளவு கூடிப் பேசிய நாங்கள், இதை அவரிடம் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அந்த மூலையில், காலடியில் சுண்ணாம்புக் கோட்டோடு. "அவர் இறந்துவிட்டார். அந்த அரையிறுதிக்குப் பிறகு வந்த மாரியில்."

அவர் தொப்பியைக் கழற்றினார். மெத்த வருத்தம் என்றார். அம்மா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார், அதைத்தான் விரும்பியிருப்பார் என்று ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு என்னிடம் அப்படிச் சொல்லாத முதல் ஆள் அவர்தான். அதற்காகவும் எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. ஏன் இவராக இருக்க வேண்டும்?

"உங்களோடு ஆட்டம் என்றால் அவருடைய குரலுக்கென்றே தனியாகப் பயிற்சி செய்வோம்," என்றார். "வால்தம்ஸ்டோவில் என் வீட்டுக்குக் கீழே ஒரு தமிழ்க் கடை. அந்தக் கடைக்காரரிடம்தான் கேட்டேன். எங்கள் பெடியன் ஒரு மாதம் அவரிடம் போய்ச் சொல்லிச் சொல்லிப் பழகினான்."

'ல்' அப்படி வந்ததற்குக் காரணம் அதுதான் அம்மா. இப்போது தெரிந்துவிட்டது.

"என்னை அவர் என்ன சொல்லித் திட்டினார்?" என்று கேட்டார்.

"கள்ளன்," என்றேன்.

"பொருள்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சரியான சொல்."

ஆனால் ஆள் இளகினார் என்று நினைக்காதீர்கள். தடை தடைதானாம். தன்னுடைய களவுக்குப் பிறகு இந்த லீக் முழுக்க "ஓடு"வும் "நில்லு"வும் தெரியும், பழைய சொல்லை வைத்துக்கொண்டு தான் ஒருவனையும் ஓட விடப் போவதில்லை என்றார். "புதிதாக இரண்டு சொல் வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்த அம்மாவைத் தேடினேன். நீங்கள் தருவீர்களா?"

திருடியவர் வந்து, தீர்ந்துவிட்டது இன்னும் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்கிறார்!

திரும்பி வந்து சொன்னதும் குகன் அண்ணை துள்ளினார். "குடுக்காத பிள்ளை! இண்டைக்கு எங்களிட்ட வாங்குவான், நாளைக்கு வேற டீம் கூப்பிட்டா அங்க கொண்டு போவான். அக்கா இருந்தா..."

"ஓம், அக்கா இருந்தா குடுக்கவே மாட்டா," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"ஏன் குடுக்கமாட்டா? பிள்ளையள் வெல்ல வேணும் எண்டு நினைப்பா," என்றா புஷ்பா அக்கா.

"அக்காவைப் பற்றி உமக்கு..."

"அம்மா என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியாது!"

என்னுடைய குரல்தான். வேலிக்கு அப்பால் போன நாய்கூட நின்று பார்த்தது. நிறுத்த முடியவில்லை.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆளாளுக்கு அவவின்ர வாயால கதைக்காதேங்கோ. கதைக்கிறதெண்டால் உங்கட வாயால கதையுங்கோ. நான் என்ர வாயால சொல்லுறன். எனக்கு அந்தாளைப் பிடிக்கேல்லை. ஆனா இண்டைக்கு அந்தப் பந்து விழுந்ததை நான் கண்டனான். லியம் ஓடியிருக்கலாம். எனக்கு அவன் ஓட வேணும். சொல்லு நான் குடுக்கிறன். அந்தாளுக்கில்லை, ஓடுற பிள்ளையளுக்கு. கத்துறதும் நான்தான் கத்துவன்."

பிறகு குகன் அண்ணை தொண்டையைக் கனைத்தார். "கத்துறது இப்பிடித்தான் எண்டால் மைக் தேவையில்லை," என்றார். ஆள் இன்னும் முழுக்க ஆறவில்லை. கதிரையை அரைவாசிதான் திருப்பினார்.

டெரெக்கிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். சொற்களை ஓடுகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். இன்னொரு அணிக்குப் போனால் அவற்றைக் கொண்டு போகக் கூடாது. முதலாவதுக்கு ஓம் என்றார். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் ஓம் என்றார். அந்த யோசனையை நான் கவனித்தேன் அம்மா. நீங்கள் சொன்ன பெயர் இன்னும் பொருத்தம்தான்.

அடுத்த நாள் பின்னேரம், வேலையால் வந்து, குசினி அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். முதலில் மெல்ல. பிறகு வயிற்றிலிருந்து. நீங்கள் கத்துவது எவ்வளவு கடினமான வேலையென்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் தரம் முழுச் சத்தத்தோடு கத்தினேன்.

மேல் மாடியில் தடதடவென்று சத்தம். அப்பா ஓடி வந்தார், ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் வெறும் மேசு, காலுறை மட்டும். படியடியில் நின்று என்னைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார். "நான் நினைச்சன்..." என்றார். மற்றச் சப்பாத்தையும் எடுத்து வந்து, படியில் இருந்து போட்டார். "எத்தினை மணிக்கு உந்த விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டார்.

அவர் ஏன் அப்படி ஓடி வந்தார் என்று உங்களுக்குத் தெரியும். நான் எந்தச் சொற்களை எடுத்தேன் என்றும் இப்போது தெரிந்திருக்கும். பள்ளிக்கூடக் காலைகளில், நானும் அப்பாவும் பிந்தும்போது, அந்தப் படியடியில் நின்று நீங்கள் கத்தும் இரண்டு சொல். ஒன்று எங்களைக் கிளப்ப, மற்றது மறந்த சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் எங்களை மறிக்க.

அவற்றை இங்கே எழுத மாட்டேன். வால்தம்ஸ்டோ கடைக்கார அண்ணை இந்த மலரை வாங்குவார். பச்சைத் தொப்பிப் பெடியன் இன்னும் அவரிடம்தான் பால் வாங்குகிறானாம். அண்ணை, உங்களோடு எனக்குக் கோபமில்லை, ஆனால் இந்த முறை உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

டெரெக்கை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்றும் தோன்றவில்லை. அவர் பிழை விட்டால் முகத்துக்கு நேரே நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், இப்போது அவருக்குப் பொருளும் தெரியும். நீலக் கதிரை மைதானத்தைப் பார்த்துத்தான் இருக்கும், குப்பைத் தொட்டியை ஒரு நாளும் பார்க்காது. அதில் ஆரையும் இருத்த மாட்டேன், அப்பாவைத் தவிர. நான் எழும்பி நின்றே கத்துவேன். லியம் வீட்டு மூலைக்கு வந்து சேரும் வரை என் குரல் நிற்காது. இது சத்தியம் அம்மா.

ஒவ்வொரு காலையும் உங்களிடம் இரண்டு தரம் கத்து வாங்கிப் புறப்பட்ட,
உங்கள் மகள்
துஷி